எட்டாயிரம் ரூபாய்க் கணக்கு

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். வெளியூரில் எம்.எஸ்சி. சேர்ந்து, அப்புறம் வானியல் ஆராய்ச்சிக்குப் போவேன் என்கிறாள். கரோலின் ஹெர்ஷல் என்ற அம்மையாரைப் பற்றிப் படித்ததிலிருந்து ராத்திரியெல்லாம் மொட்டைமாடிதான். என் மனைவிக்கு மூட்டுவலி. சமையல் முழுக்க மகள் கையில். ஆள் வைக்கலாமென்று விசாரித்தால் மாதம் 8,000 ரூபாய் கேட்கிறார்கள். மகன் வீட்டிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். மகளை அனுப்பலாமா?
- ஒரு தந்தை, திருவாரூர்

பதில்: ஐயா, இந்தக் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது. நர்சிங், சி.ஏ. என்று படிப்பின் பெயர்தான் மாறும். ஆனால் யாரும் எழுதாத ஒன்றை நீங்கள் எழுதிவிட்டீர்கள், அந்த 8,000 ரூபாயை. ஆள் தேடி, சம்பளம் கேட்டு, கட்டுப்படியாகாது என்று தீர்மானித்துவிட்டு, அப்புறம் என்னிடம் 'அனுப்பலாமா' என்கிறீர்கள்.

மகள் படித்த கதையை நீங்களும் படித்திருக்கலாம். கரோலின் 1750இல் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தவர். பத்து வயதில் வந்த டைஃபஸ் காய்ச்சலில் வளர்த்தி நின்றுபோனது. கடைசிவரை நாலேகால் அடிதான். வீட்டு வேலைக்கு ஆயிற்று என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். பிரெஞ்சு படிக்கக்கூட விடவில்லை. 1772இல் அண்ணன் வில்லியம் இங்கிலாந்துக்கு அழைத்துப்போக வந்தார். தங்கைக்குப் பதில் வேலைக்காரி வைத்துக்கொள்ள அம்மாவுக்கு வருடா வருடம் பணம் தர ஏற்பாடு செய்துதான் கூட்டிப்போனார். நீங்கள் விசாரித்தது அந்தச் சம்பளத்தைத்தான். 250 வருடத்தில் நாணயம்தான் மாறியிருக்கிறது.

போன இடத்திலும் கரோலின் சும்மா இருக்கவில்லை. அண்ணன் தொலைநோக்கிக் கண்ணாடியைக் கையெடுக்காமல் 16 மணி நேரம் தேய்த்தபோது, வாயில் ஊட்டிவிட்டவர் அவர். வாய்ப்பாடு மனதில் நிற்காததால் ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்திருந்தார். (கணக்கு வராது என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் கவனிக்க.) 1786 ஆகஸ்ட் 1ஆம் தேதி, அண்ணன் ஊரில் இல்லாத ராத்திரி, தன் சின்னத் தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பிடித்தார். மொத்தம் எட்டு கண்டுபிடித்தார். மறுவருடமே அரசர் வருடத்துக்கு 50 பவுண்டு சம்பளம் போட்டார். 1828இல் ராயல் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

உங்கள் மகளும் இப்படி வருவாளா என்று கேட்காதீர்கள். எம்.எஸ்சி.யோடு நின்றும் போகலாம். அதற்கும் உங்கள் வீட்டு அடுப்புக்கும் சம்பந்தமில்லை.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. நான் பழைய ஆள், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மகனுக்குக் கடிதத்தில் ஒரே வரி! அவன் சாப்பிட்ட தட்டை யார் எடுக்கிறார்கள்? தேர்வுக்குப் படிக்கிறவனுக்குக் குக்கர் வைக்கக் கை வராதா? அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்க்க ஆண்பிள்ளை விரல் ஆகாதா? இத்தனை வருடம் அவனை உட்காரவைத்துப் பரிமாறப் பழக்கியது நீங்களும் உங்கள் மனைவியும்தான். வெட்கமாக இல்லையா?

வில்லியம் தங்கைக்காகத் தன் பணத்தைக் கொடுத்தார். உங்கள் மகனிடம் பணமில்லை, சரி, கையைக் கொடுக்கட்டும். காலைச் சமையல் அவன், சாயங்காலத்துக்கு மட்டும் ஆள் என்றால் அந்த 8,000 பாதியாகக் குறையும். மகளுக்கு இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள்.

இதற்கும் ஒத்துவராது என்றால் எனக்கு மறுபடி எழுதலாம். அந்தக் கடிதத்தை மட்டும் மகன் எழுதட்டும்.