எட்டு ஊதுவாத்தியம், இரண்டு குரல்: இசை கேள்வி பதில்

கேள்வி: டேவிட் பைர்னும் செயின்ட் வின்சென்ட்டும் சேர்ந்து செய்த 'லவ் திஸ் ஜயன்ட்' ஆல்பத்தைக் கேட்டேன். கெட்டிக்காரத்தனம் தெரிகிறது, மனசில் ஒட்டவில்லை. வெளிவந்தபோதே இப்படித்தான் சொன்னார்களா, இல்லை என் காதில்தான் கோளாறா?
*(வாசகி, காட்பாடி)*

பதில்: காதில் ஒன்றுமில்லை. 2012 செப்டம்பரில் ஆல்பம் வந்தபோது விமர்சனங்கள் மொத்தத்தில் சாதகமாகவே இருந்தன. ஆனால் பாராட்டியவர்களிலேயே சிலர், கணக்குப் போட்டு எழுதியது போல இருக்கிறது, நெருக்கம் குறைகிறது என்றார்கள். பைர்னின் பழைய இசைக்குழுவான 'டாக்கிங் ஹெட்ஸ்' ரசிகர்கள் அந்தத் துள்ளலைத் தேடினார்கள். செயின்ட் வின்சென்ட் என்ற பெயரில் பாடும் ஆனி கிளார்க்கின் ரசிகர்கள் அவருடைய கிட்டாரைத் தேடினார்கள். ஆல்பத்திலோ கிட்டார் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் நிற்பது ஊதுவாத்தியம்.

இதற்குக் காரணம் ரொம்ப சாதாரணம். நியூயார்க்கில் ஹவுசிங் வொர்க்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் புத்தகக் கடையில் ஒரு ராத்திரி கச்சேரி செய்வதாகத்தான் முதலில் பேச்சு. இடம் சின்னது. பித்தளை வாத்தியம் என்றால் பெரிய ஸ்பீக்கர் இல்லாமலே சமாளிக்கலாம் என்று கிளார்க் யோசனை சொன்னார். ஒரு ராத்திரிக்கான ஏற்பாடு 12 பாட்டாக வளர்ந்தது. மெட்டும் வரியும் பெரும்பாலும் மின்னஞ்சலில் இங்கும் அங்கும் போய்வந்தவை. தாளத்தில் பெரும்பகுதி இசைத் தயாரிப்பாளர் ஜான் காங்கிள்டன் கம்ப்யூட்டரில் அமைத்தது. அசையாத தாளத்தின் மேல் எழுதிவைத்த ஊதல். நீங்கள் சொல்லும் ஒட்டாத்தன்மை இங்கிருந்துதான் வருகிறது.

இதை ஜுகல்பந்தி என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றம்தான். ஒருவர் வாசிக்க மற்றவர் பதில் சொல்லும் போட்டி இதில் இல்லை. 'ஹூ' பாட்டை ஹெட்போனில் மூன்று தடவை கேளுங்கள்: முதலில் குரலை மட்டும், அடுத்து சாக்ஸபோனை மட்டும், பிறகு எல்லாவற்றையும். பைர்ன் 'யார், யார்' என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போக, கிளார்க் வேறொரு மெட்டில் நுழைவார். அந்த இடத்தில் ஊதலைக் கவனியுங்கள்.

இன்னொன்று: ஆல்பத்தைவிட மேடை நன்றாக இருந்தது என்பது எங்கள் கட்சி. எட்டு ஊதுவாத்தியக்காரர்கள் நின்ற இடத்தில் நிற்காமல், ஆனி-பி பார்சனின் நடன அமைப்புப்படி நகர்ந்துகொண்டே வாசித்தார்கள். மனித மூச்சு கண்ணுக்குத் தெரிந்ததும் அதே பாட்டுகளுக்குச் சூடு வந்துவிட்டது. 2018-இல் 'அமெரிக்கன் யுடோபியா' கச்சேரிகளில் மொத்தக் குழுவையும் வாத்தியத்தோடு நடமாட விட்டாரே பைர்ன், அந்த ஒத்திகை இங்கேயே தொடங்கிவிட்டது.

கேள்வி: எங்கள் பேண்டு செட்டில் 2 டிரம்பெட், 3 கிளாரினெட், ஒரு ஆல்டோ சாக்ஸ், 2 யூஃபோனியம், சைடு டிரம், பெரிய டிரம். பையன்கள் 'ஹூ' பாட்டை எடுத்தார்கள், ஒரே இரைச்சல். எங்கே தப்பு?
*(பேண்டு மாஸ்டர், குடியாத்தம்)*

பதில்: முதல் சந்தேகம் சுருதி. டிரம்பெட்டில் 'சி' ஊதினால் வெளியே கேட்பது 6½ கட்டை. ஆல்டோ சாக்ஸின் 'சி' 2½ கட்டை. ஒரே சுரத் தாளை எல்லோருக்கும் கொடுத்தால் ஸ-வும் ம-வும் சேர்ந்து ஒலிக்கும். டிரம்பெட் 'சி' ஊதும்போது ஆல்டோ 'ஜி' எடுக்க வேண்டும். ஆல்டோவுக்குத் தனித் தாள் எழுதுங்கள். கிளாரினெட் டிரம்பெட் தாளையே பார்க்கலாம். யூஃபோனியக்காரர் டிரெபிள் கிளெஃப்பில் (டிரம்பெட் தாளில் உள்ள அதே குறியீட்டு முறையில்) வாசிப்பவராக இருந்தால் அவரும்.

இரண்டாவது, பழக்கம். கல்யாண ஊர்வலத்தில் எல்லோரும் ஒரே மெட்டை ஊதுவார்கள், தெருவில் அது எடுபடும். இந்த ஆல்பத்தில் மெட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு இரண்டு மூன்று சுரமாகப் பங்கு வைத்திருக்கிறார்கள். ஒரு யூஃபோனியம் கீழ் சுரத்தைப் பிடிக்கட்டும், இன்னொன்று எதிரடியில் (இரண்டு தட்டுக்கு நடுவில்) மட்டும் சின்னதாக ஊதி வெட்டட்டும். பைர்ன் குரலை ஆல்டோவுக்கும், கிளார்க் குரலை ஒரே ஒரு கிளாரினெட்டுக்கும் கொடுங்கள். டிரம்பெட்டுகள் வெட்டு அடிக்கு மட்டும். ஊதும் நேரத்தைவிடச் சும்மா இருக்கும் நேரம் அதிகம் என்பதால் அவர்களுக்குக் கோபம் வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் வாத்தியமில்லாமல் கை தட்டி எண்ணச் சொல்லுங்கள். பிறகு பாதி வேகத்தில் வாசியுங்கள்.

டைல்ஸ் போட்ட மண்டபம் என்றால் சுரத்தின் வாலை இன்னும் வெட்ட வேண்டும். எதிரொலியே மீதியை நீட்டிவிடும். பெரிய டிரம்மை சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், குமுறும்.

உங்கள் ஊர் கெங்கையம்மன் கோயில் சிரசு திருவிழா வெயிலில் வாசிப்பதாக இருந்தால் இன்னொரு வில்லங்கம் உண்டு. காற்று சூடாக ஆகப் பித்தளையின் சுருதி ஏறும், கூடக் கீபோர்டு இருந்தால் அதன் சுருதி அங்கேயே நிற்கும். பத்து நிமிஷம் ஊதிச் சூடாக்கிய பிறகே சேருங்கள். டிரம்பெட்டின் டியூனிங் ஸ்லைடை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துச் சரிபாருங்கள். ஸ்லைடு இறுகியிருந்தால் முந்தின நாளே கிரீஸ் போட்டுவிடுங்கள். ஊர்வலத்தில் நின்றுகொண்டு முறுக்கினால் குழாய்தான் வளையும்.

கேள்வி: முழு ஆல்பம் கேட்கப் பொறுமையில்லை. எந்தப் பாட்டு போதும்?
*(வாசகர், அரக்கோணம்)*

பதில்: 'ஹூ', 'வீக்எண்ட் இன் தி டஸ்ட்', 'ஐஸ் ஏஜ்'. மூன்றும் பிடிக்கவில்லையென்றால் கடைசிப் பாட்டு 'அவுட்சைட் ஆஃப் ஸ்பேஸ் அண்ட் டைம்', பைர்ன் நிதானமாகப் பாடியது. அதுவும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.