ஜிமேட்டும் இரவுப் படிப்பும் – கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்கு 36 வயது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை, யீஷூனில் வீடு, தொடக்கப்பள்ளியில் இரண்டு பிள்ளைகள். பகுதிநேர எம்பிஏவில் சேர ஜிமேட் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறேன். பிள்ளைகள் தூங்கியதும் பத்தரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டு வரை கணக்குப் போடுகிறேன். மூன்று மாதமாகியும் மாதிரித் தேர்வில் 555ஐத் தாண்டவில்லை. விட்டுவிடலாமா?

– சு.

அன்புள்ள சு.,

தேர்வை விடாதீர்கள், இரவில் புதுக் கணக்குப் போடுவதை விடுங்கள். பதினொன்றரை மணிக்கு வரும் தவறு, பாடம் தெரியாமல் வந்ததா, அசதியில் வந்ததா என்று உங்களுக்கே பிடிபடாது. புதுக் கணக்கை விடியற்காலையில் 45 நிமிடம் போடுங்கள். தேர்வில் ஒரு பகுதிக்கும் அவ்வளவு நேரம்தான். இரவில் இருபது நிமிடம் பழைய தவறுகள் போதும். விடை விளக்கத்தை அழகாக நோட்டில் எழுதிவைப்பதால் பயனில்லை. ஒரு வாரம் கழித்து, விளக்கத்தைப் பார்க்காமல் மறுபடி போட வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் முதலில் தோண்டுவது தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸ் பகுதி. கணிதத்துக்கும் மொழிக்கும் உள்ள அதே பங்கு அதற்கும் உண்டு, ஆனால் அதைத்தான் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதில் ஒரு வகைக் கேள்விக்கு இரண்டு கூற்றுகள் தருவார்கள்; விடை காண அவை போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘எக்ஸ் 5ஐவிடப் பெரியதா?’ என்பது கேள்வி என்று வையுங்கள். ‘எக்ஸ் 3ஐவிடச் சிறியது’ என்பது முதல் கூற்று. விடை ‘இல்லை’ என்று வந்ததும் ‘கூற்று போதாது’ என்று குறித்துவிடுவார்கள். உறுதியான ‘இல்லை’யும் விடைதானே, ஆகவே கூற்று போதும். இரண்டாம் கூற்றுக்குப் போகும்போது முதல் கூற்றைக் கையால் மறைத்துப் பழகுங்கள். அது தலையில் ஒட்டிக்கொண்டு வருவதால்தான் பாதிக் குழப்பம்.

கணிதத்தில் 21 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். மூன்றாவது நிமிடத்திலும் வழி தெரியவில்லையென்றால் ஊகித்துக் குறித்துவிட்டு நகருங்கள். நேரம் மிஞ்சினால் பகுதி முடிவில் மூன்று விடைகளை மாற்றலாம். எதையும் காலியாக விட்டுவிடாதீர்கள், மதிப்பெண் வெட்டு விழும்.

எம்ஆர்டி ரயிலில் ஆங்கிலப் பத்தி வாசிப்பு மட்டும். பிராஸ் பாசா புத்தகக் கடைகளில் மலிவாக வாங்கிய 2024க்கு முந்தைய புத்தகமா? வாக்கியத் திருத்தத்தையும் வடிவியலையும் தள்ளிவிடுங்கள், இப்போதைய தேர்வில் அவை இல்லை.

பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தைத் தவிர்த்து இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள். சரிவராவிட்டால் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். 12 மாதத்தில் ஐந்து முறை வரை.