கழிவுநீர் ஆலையில் மின்சாரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கசடு, வாயு, இன்ஜின் இந்த மூன்றோடும்தான் என் வேலை. அவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு விரிவாகவும், மற்றவர்களுக்குச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன். மானியம், டெண்டர் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லூரி மாணவி: கழிவுநீரில் இருந்து மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தண்ணீர் ஓடுகிற வேகத்திலா?

இல்லை அம்மா, கசடில் இருந்து. முதல் தொட்டியில் கீழே படிகிற கசடையும், பிறகு காற்றூட்டும் தொட்டியில் வளர்ந்து மிஞ்சுகிற நுண்ணுயிர்க் கசடையும் கெட்டியாக்கி, காற்றே புகாத டைஜெஸ்டருக்குள் 35 முதல் 37 டிகிரி சூட்டில் 20 நாள் போல வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கிற பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவாக விடுகின்றன. அந்த வாயுவில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு.

ஒரு கன மீட்டர் வாயுவில் ஏறக்குறைய 6 யூனிட் அளவுக்கு வெப்ப ஆற்றல் இருக்கிறது. கேஸ் இன்ஜினில் எரித்தால் அதில் 2 யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரமாகும். மீதியை வீண் என்று நினைக்காதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரில் ஏறுகிற சூடுதான் டைஜெஸ்டரை அந்த 35 டிகிரியில் நிறுத்துகிறது. இது புதுசும் இல்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1895-லேயே கழிவுத் தொட்டி வாயுவில் தெருவிளக்கு எரித்தார்கள்.

நகராட்சி உறுப்பினர்: ஒரு லட்சம் பேர் வசிக்கும் ஊர் என்றால் எவ்வளவு கிடைக்கும்?

தோராயக் கணக்கு சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் வாயு என்று வைத்தால் 2,000 கன மீட்டர், அதாவது 4,000 யூனிட். ஆளுக்கு 150 லிட்டர் கழிவுநீர் என்றால் 15 எம்எல்டி, அதாவது நாளுக்கு 15 மில்லியன் லிட்டர் ஆலை. கழிவுநீர் ஒரு கன மீட்டருக்கு அரை யூனிட் செலவாகும் என்று எடுத்தால் ஆலைக்கு 7,500 யூனிட் வேண்டும். ஆக, தேவையில் பாதியை வாயு கொடுக்கும். வழக்கமான ஆலைக்கு இது நியாயமான எதிர்பார்ப்பு. 'மின்சாரம் விற்கலாம்' என்று யாராவது முதல் நாளே சொன்னால் அவருடைய கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எங்கள் ஆலை 10 எம்எல்டி. எத்தனை கிலோவாட் வரும்?

எம்எல்டியை வைத்துச் சொல்ல முடியாது. மழைநீரும் நிலத்தடி நீரும் கலந்து வருகிற 10 எம்எல்டி வேறு, கெட்டியான கழிவுநீர் 10 எம்எல்டி வேறு. டைஜெஸ்டருக்குள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கரிமத் திடப்பொருள் போகிறது, அதில் எத்தனை சதவீதம் சிதைகிறது என்று பாருங்கள். பாதியளவு சிதைவது சாதாரணம். சிதைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் 0.75 முதல் 1.1 கன மீட்டர் வாயு.

எங்களுடையது 4 எம்எல்டி. எத்தனை கிலோவாட்?

மேலே உள்ள பதிலேதான்.

ஆபரேட்டர்: புது கேஸ் இன்ஜின். சில மாதத்திலேயே இழுவை குறைந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் வெள்ளையாக மணல் மாதிரி படிந்திருக்கிறது. ஆயிலும் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

இரண்டும் இரண்டு நோய். வெள்ளைப் படிவு சிலாக்சேனால் வருவது. ஷாம்பு, முகக் கிரீம், வாசனைத் திரவியம் எல்லாவற்றிலும் இருக்கிற சிலிக்கான் சேர்மங்கள் கழிவுநீரோடு வந்து கசடில் ஒட்டி, டைஜெஸ்டர் சூட்டில் ஆவியாகி வாயுவோடு கிளம்பிவிடும். இன்ஜினுக்குள் எரிந்ததும் சிலிக்காவாக மாறும். அதாவது மணல்தான். வால்விலும் பிஸ்டன் தலையிலும் அப்பிக்கொள்ளும். விரலில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும்.

ஆயில் கெடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடால். எரிந்ததும் அமிலமாகி ஆயிலைத் தின்னும், பேரிங்கை அரிக்கும். சுத்திகரிக்காத வாயுவில் இது பல நூறு முதல் சில ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருக்கலாம். கசடிலேயே ஃபெரிக் குளோரைடு விட்டால் பெருமளவு அங்கேயே கட்டுப்படும். அப்புறம் இரும்பு ஆக்சைடு படுகை, அடுத்து வாயுவைக் குளிரவைத்து ஈரம் எடுப்பது, கடைசியில் சிலாக்சேனுக்குக் கரி வடிகட்டி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஈரமும் சல்ஃபைடும் முதலில் கரிக்குப் போனால், கரி அவற்றாலேயே நிரம்பி சிலாக்சேனை விட்டுவிடும். தீர்ந்துபோன இரும்புப் படுகையைக் காற்றில் திறந்தால் தானாகத் தீப்பிடிக்கும், நனைத்த பிறகே வெளியே எடுங்கள்.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், 500-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. மூக்கை நம்பாதீர்கள், டிடெக்டரை நம்புங்கள்.

வெளியேறும் நீரில் டர்பைன் வைத்தால் என்ன?

10 எம்எல்டி என்பது நொடிக்கு 116 லிட்டர். 3 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் இரண்டரை கிலோவாட்கூடத் தேறாது. குடிநீர்க் குழாய் வேறு கதை. மேட்டு நீர்த்தேக்கத்தில் இருந்து வருகிற அழுத்தத்தை வால்வு வைத்து வீணாகக் குறைக்கிற இடம் இருந்தால், அங்கே டர்பைனோ பின்னோக்கிச் சுழலும் பம்போ வைக்கலாம். நொடிக்கு 100 லிட்டர், 40 மீட்டர் உயர நீரின் அழுத்தம் என்றால் 27 கிலோவாட் வரை, இரவும் பகலும்.

குடிநீர் ஆலைக் கசடில் வாயு எடுக்கலாமா?

முடியாது. அது பெரும்பாலும் படிகாரமும் களிமண்ணும். பாக்டீரியாவுக்கு அதில் சாப்பாடு இல்லை.

வாசகர்: இத்தனை தொல்லை எதற்கு சார்? ஆலை முழுக்க சோலார் போட்டால் முடிந்தது.

மேலே சொன்ன 7,500 யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நன்றாக அடிக்கும் இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும். கிட்டத்தட்ட 1,900 கிலோவாட் வேண்டும். கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 5 ஏக்கர். கழிவுநீர் அதிகம் வருவது காலையிலும் மாலையிலும். வெயில் உச்சம் நடுப்பகலில்.

அதே வாசகர்: பேட்டரி இருக்கிறதே. பேனலைத் துடைத்தால் போதும். கேஸ் இன்ஜினுக்கு ஆள் வேண்டும், ஸ்பேர் வேண்டும்.

இன்ஜினுக்குத் தினமும் கவனிக்கிற ஆள் வேண்டும் என்பது உண்மை. அப்படி ஆள் வைக்க முடியாத சின்ன ஆலைக்கு நானும் சோலாரைத்தான் சொல்வேன். ஆனால் சோலார் போட்டால் கசடு எங்கே போகும்? டைஜெஸ்டர் இல்லாமல் குளத்திலோ குப்பைமேட்டிலோ குவித்தால் அங்கேயும் அழுகி மீத்தேன் விடும். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றுகிற வாயு அது. மின்சாரம் பச்சை, வானத்துக்குப் போவது மீத்தேன் என்றால் என்ன லாபம்?

இன்னொரு ஆபரேட்டர்: காற்றூட்டும் தொட்டி மேலேயே பேனல் போட்டு, அடியில் காற்றைக் குமிழாக விடும் டிஃப்யூசரைத் தூக்க கிரேன் வர வழியில்லாமல் திண்டாடினோம். ஸ்டாண்டும் துருப்பிடித்துவிட்டது.

இதைத்தான் சொல்ல வந்தேன். நல்ல தண்ணீர்த் தேக்கத்தில் மிதக்கும் சோலார் அருமையான யோசனை. லண்டன் அருகே குயின் எலிசபெத் நீர்த்தேக்கத்தில் 2016 முதல் 6.3 மெகாவாட் மிதக்கிறது. கழிவுநீர்த் தொட்டி மேலே வேண்டாம். கூரையிலும் காலி நிலத்திலும் போடுங்கள்.

சோலார் வாசகர்: வாயுவை ஃபிளேரில் (மிச்ச வாயுவை எரித்துவிடும் குழாயில்) எரித்துவிட்டால்?

மீத்தேன் பிரச்சினை பெரும்பாலும் தீரும். இன்ஜின் நிற்கிற நாளுக்காக ஃபிளேர் எப்படியும் இருக்க வேண்டும். ஆனால் 4,000 யூனிட் தருகிற வாயுவைத் தினமும் எரித்துவிட்டு பேனலுக்குப் பணம் தேடுவது எனக்கு ஒப்பவில்லை. வாயு இருக்கிற பெரிய ஆலையில் இரண்டும் இருக்கட்டும்: பகலில் சோலார், வாயுவை ஹோல்டரில் சேர்த்து மாலை உச்சத்தில் இன்ஜின்.

எங்கள் ஆலை 20 எம்எல்டி, எத்தனை கிலோவாட்?

லேப் ரிப்போர்ட்டோடு வாருங்கள். எம்எல்டி மட்டும் சொல்லும் கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை.

நூறு சதவீதம் சொந்த மின்சாரம் சாத்தியமா?

சாத்தியம். ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் ஆலை 2005-லேயே தன் தேவைக்கு மேல் உற்பத்தி செய்தது. கரிமப் பொருளைக் காற்றூட்டி எரிக்காமல் முன்கூட்டியே பிடித்து டைஜெஸ்டருக்கு அனுப்புவது அவர்கள் வழி. அமெரிக்காவின் ஓக்லாந்தில் 2012-இல் அந்த நிலையை எட்டியவர்கள் வெளியில் இருந்து உணவுக் கழிவும் கொழுப்புக் கழிவும் வாங்கிச் சேர்த்தார்கள்.

ஆனால் நான் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது தொட்டிக்குக் காற்று அடிக்கும் புளோயரைத்தான். ஆலை மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றூட்டவே போகிறது. தொட்டியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் போதும் என்கிற இடத்தில் 5 ஓடிக்கொண்டிருக்கும். சென்சாரும் வேகம் மாற்றும் டிரைவும் வைத்து அதைக் குறைத்தாலே, இன்ஜின் வாங்காமல் ஒரு நல்ல பங்கு மிச்சமாகும். அளந்து பார்க்காமல் இன்ஜின் வாங்காதீர்கள்.

கழிவுநீரின் சூட்டை எடுக்கலாமா?

தாராளமாக. ஒரு கன மீட்டர் நீரை 5 டிகிரி குளிரவைத்தால் 5.8 யூனிட் வெப்பம் கிடைக்கும். பக்கத்திலேயே சூடு தேவைப்படுகிற கட்டடம் இருந்தால்தான் பயன். கனடாவின் வான்கூவரில் 2010 முதல் ஒரு குடியிருப்புப் பகுதிக்கே இப்படிக் கொடுக்கிறார்கள்.

ஆபரேட்டர்: வாயு திடீரென்று குறைந்து பிஹெச் 6.5-க்கு வந்துவிட்டது. என்ன செய்ய?

டைஜெஸ்டர் புளிக்கிறது, அதாவது உள்ளே அமிலம் கூடுகிறது. முதலில் ஊட்டத்தை, அதாவது உள்ளே விடுகிற கசடை, குறையுங்கள், முடிந்தால் நிறுத்துங்கள். கலக்கியையும் சூட்டையும் பாருங்கள், சட்டென்று 2, 3 டிகிரி மாறினாலும் இப்படி ஆகும். கொழுப்பு அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை தினமும் எடுங்கள். 0.3-க்குள் இறங்கும் வரை பழைய அளவுக்கு ஊட்டாதீர்கள். அவசரமென்றால் சோடியம் பைகார்பனேட் போடலாம். சுண்ணாம்பை நிறையக் கொட்டாதீர்கள், அடியில் படிந்துவிடும். மேல் மூடியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் டிடெக்டர் கையில் இருக்கட்டும், தனியாகப் போகாதீர்கள்.