சன்னலில் ஒரு குளவிக் கூடு

ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது. ‘புலிகளைக் காப்போம்’ என்று ஓவியம் வரைந்து பள்ளியில் பரிசு வாங்கியவள், சென்ற வாரம் படிப்பறைச் சன்னலில் குளவி கட்டிய மண்கூட்டைக் கண்டு அலறிவிட்டாள். கூட்டைச் சுரண்டியெடுத்து மருந்தடித்தோம். இயற்கைமீது அவளுக்கு உண்மையான அக்கறை வர எந்த முகாமுக்கு அனுப்பலாம்? எந்த நூல்களை வாங்கித் தரலாம்?

ர., கோவை

அன்புள்ள ர.,

குழந்தை அலறியதில் தவறில்லை. அவளை ஏதும் சொல்லாதீர்கள். முகாமுக்கு அனுப்புவதாலும் கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் மருந்தடித்ததை என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை. காட்டிலிருக்கும் புலிக்காக உருகச் சொல்லித்தரும் நாமே, வீட்டுக்குள் வரும் எந்த உயிரையும் அருவருக்கப் பழக்குகிறோம் என்பது சில காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று நம்பிய என் பாட்டி, நிலைப்படிக்கு மேலிருந்த கூட்டைத் தொட ஒருவரையும் விடமாட்டார். அந்த நம்பிக்கையின் புண்ணியத்தில் நாங்கள் அருகிலிருந்து பார்த்தோம். பெண் குளவி ஈரமண்ணை உருட்டித் தாடையில் கவ்வி வரும். அதை அப்பும்போது மெல்லிய ரீங்காரம் கேட்கும். கொட்டிச் செயலிழக்கவைத்த சிலந்திகளை அறைக்குள் திணித்து, ஒரு முட்டையும் இட்டு, வாயை மண்ணால் பூசிவிடும். பொரிந்து வரும் புழுவுக்கு அந்தச் சிலந்திகள்தாம் உணவு. இந்த மண்குளவி கூட்டமாகப் பாய்ந்து தாக்குவதில்லை. பிடித்து நசுக்கினாலன்றிப் பெரும்பாலும் கொட்டுவதுமில்லை. இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதுமே! அந்த ஒரு நிமிடத்தைக்கூட மகளுக்குத் தராமல், அவள் கண்முன்னே மருந்தை எடுத்தீர்களே, அவள் என்ன கற்றிருப்பாள்?

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு வைக்கின்றன. எச்சம் விழும், வாடை வீசும், குஞ்சுகளின் இரைச்சல் ஓயாது. ஆனாலும் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்களுடைய வயலுக்கு உரம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. 1994இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள பிள்ளைகள் நாரைகளோடு வளர்ந்தவர்கள். பெரியவர்கள் முகத்தில் இல்லாத அருவருப்பு பிள்ளைகளுக்கும் வரவில்லை.

ஈரமண் கிடைக்கும் காலத்தில் குளவி மறுபடியும் வரக்கூடும். வந்தால் அந்தச் சன்னலை அதற்கு விட்டுக்கொடுங்கள். பயமாக இருந்தால் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பூச்சிமருந்து அடிக்க யாருக்கேனும் ஆண்டுக் கட்டணம் கட்டிவருகிறீர்கள் என்றால், முகாமுக்குப் பணம் கட்டும் முன் அதை நிறுத்துங்கள்.