பஸ் பழுதானால் ஊழியமும் பழுதா?

சகோதரரே, பேச்சிப்பாறைக்கு மேலே விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப் போன உங்கள் வாலிபர்கள், பஸ் பழுதாகி, மழையில் நனைந்து, பொம்மலாட்டப் பெட்டியையும் தொலைத்துச் சோர்ந்திருப்பதாகவும், அடுத்த பயணத்தை ரத்து செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், போங்கள்.

ஆனால் நனைந்து நிற்பவனிடம் "சந்தோஷமாயிரு" என்று வசனம் சொல்லாதீர்கள். முதலில் சூடாக மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கொடுங்கள். சிரிப்பு தானாக வரும்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28 அதிகாரங்களை அவர்களோடு வாசியுங்கள். அப்போஸ்தலன் பவுல் உட்பட 276 பேர் கப்பலை இழந்து மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர், போதாக்குறைக்குப் பவுலின் கையில் விரியன் பாம்பு! அங்கே முதலில் உதவி செய்தது ஊழியக்காரர் அல்ல, நெருப்பு மூட்டிய தீவு மக்கள்தான். உங்கள் பிள்ளைகளுக்கும் வழியில் யாராவது தேநீரோ ஒதுங்க ஒரு திண்ணையோ கொடுத்திருப்பார்கள். சபையில் சாட்சி சொல்லும்போது அப்படி உதவியவர்களைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கிளட்ச் கேபிள் அறுந்ததற்கெல்லாம் சாத்தானை இழுக்க வேண்டாம். பாவம், அவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

பெட்டியைத் தொலைத்த பையனை மற்றவர்கள் கேலி செய்ய விடாதீர்கள். அவனே சொல்லிச் சிரித்தால் சேர்ந்து சிரிக்கலாம்.

நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. போய்ச் சேரும் நாளில் நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். பாட்டுத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பேர் பைகளில் பிரித்து வையுங்கள்.