முடி கொட்டுகிறதா? முதலில் பர்ஸை மூடுங்கள்

கேள்வி: ஒரு மாதமாகக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. வீட்டில் மற்ற நான்கு பேருக்கும் ஒன்றுமில்லை. தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர், எங்கள் போர்வெல் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். இரண்டே நிமிடத்தில் செம்மண் குழம்பாகிவிட்டது. "இந்த விஷத்தைத்தான் தலையில் ஊற்றுகிறீர்கள்" என்றார். வீட்டுக்கே பொருத்தும் கருவி 68,000 ரூபாய். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? (திருப்பூர் வாசகி)

பதில்: கட்டாதீர்கள். அந்தக் குழம்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகிறது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் தாராளமாகப் பாயும். ஒப்பிட்டுக் காட்ட அவர் பக்கத்தில் வைத்த ஆர்.ஓ. தண்ணீரில் (உப்பு நீக்கிச் சுத்திகரித்தது) உப்பு மிகக் குறைவு, அதனால் அது தெளிவாக நிற்கும். அடுத்த முறை வந்தால் அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கம்பிகளை விடச் சொல்லுங்கள். அதுவும் குழம்பாகும்.

இந்த ஞானம் எனக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதே கூத்து நடந்தது. நானும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுக் காசோலை எழுதிக் கொடுத்தேன். உப்பைப் போட்டுக் காட்டியவன் எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன். கருவி வந்து மூன்று மாதம் கழித்து.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சோப்பை நுரைக்க விடாது. ஆனால் அதே தண்ணீரில் குளிக்கும் நான்கு பேரை விட்டுவிட்டு உங்கள் தலையை மட்டுமா அது தேடிப் பிடிக்கும்? உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், போகிற போக்கில், தீபாவளிக்கு முன் டெங்கு வந்து பத்து நாள் படுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அதுதான் முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி உணவுமுறை எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் கழித்தே முடி கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்புச்சத்து), தைராய்டு சோதனைகளுக்கு ஆகும் செலவு முன்பணத்தைவிடக் குறைவுதான். அந்த 5,000 ரூபாயை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ஏமாற்றியது அவர், கூச்சம் உங்களுக்கு எதற்கு?

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் 950 காட்டுகிறது. தண்ணீரில் விஷம் என்று அர்த்தமா?

பதில்: இல்லை. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் அளக்கும், விஷத்தை அளக்காது. ஆர்சனிக் கலந்த தண்ணீரிலும் சமர்த்தாக 200 காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி 500 வரை நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதியுங்கள்.

கேள்வி: மகாராஷ்டிரத்தில் கோதுமை சாப்பிட்டு வழுக்கை விழுந்ததாமே? எங்கள் ரேஷன் கோதுமையைக் கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டாதீர்கள். 2024 கடைசியில் புல்தானா மாவட்டத்தின் ஷேகாவ் வட்டாரத்தில் நடந்தது அது. ஊர் ஊராக, சில நாட்களுக்குள், கையோடு முடி வந்தது. முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள், பிறகு ஷாம்பூவை. கடைசியில் பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் செலினியம் என்ற தாதுச்சத்து மிகுந்திருந்தது தெரிந்தது. அவர்கள் உண்ட ரேஷன் கோதுமையே காரணம் என்றார் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். கவனியுங்கள், ஒரே சமயத்தில் பல தலைகள். உங்கள் வீட்டிலும் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகக் கொட்டினால், நகம் நொறுங்கினால், பாதம் எரிந்தால், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு காலத்தில் எலி மருந்தில் சேர்த்த தாலியம் என்ற நச்சு உலோகம் இரண்டு மூன்று வாரத்தில் இப்படித்தான் முடியை உதிர்க்கும்.

கேள்வி: முடி வளர்ச்சிக்கு இரண்டு நிறுவனங்களின் பயோட்டின் வைட்டமின் மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுகிறேன். இரட்டிப்புப் பலன் கிடைக்குமா?

பதில்: இரட்டிப்புச் செலவு கிடைக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? இத்தகைய மாத்திரைகள் பலவற்றில் செலினியமும் உண்டு. முன் கேள்வியில் படித்த அதே செலினியம்தான், அளவு மீறினால் முடியை உதிர்க்கும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்துத் திரவத்தில் அச்சிட்ட அளவைவிடச் சுமார் 200 மடங்கு செலினியம் விழுந்துவிட, 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு முடி கொட்டியது. இன்னொன்று, பயோட்டின் அதிகம் சாப்பிட்டால் தைராய்டு சோதனை முடிவே தப்பாக வரலாம். இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முடி உதிர்வு 98 சதவீதம் குறையும் என்று விளம்பரம் செய்த எண்ணெய். மூன்று பாட்டில் தீர்ந்தும் பயனில்லை. வழக்குப் போடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா, காலிப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடியுங்கள். '98' க்குத் தோளில் ஒரு குட்டி நட்சத்திரம் ஒட்டியிருக்கும். அந்த நட்சத்திரத்தைத் தேடிப் போங்கள். பார்கோடுக்குக் கீழே, கடுகைவிடச் சிறிய எழுத்தில், 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு மட்டும்' என்றிருக்கும். அதாவது, சீப்பில் இழுபட்டு நடுவில் அறுகிற முடி. உங்களுக்குக் கொட்டுவதோ வேரோடு. எண்ணெய் தடவினால் சீப்பு வழுக்கும், முடி குறைவாக அறுபடும். இதைச் சொல்ல ஒரு ஆய்வா? என் பாட்டி செக்கு எண்ணெயில் சொன்னதுதான்.

இந்த நட்சத்திரத்தின் மேல் எனக்குத் தீராத பகை உண்டு. வழுக்கையைக் குணமாக்கும், புது முடி முளைக்கும் என்று மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை. அதனால் வாக்குறுதியைப் பெரிய எழுத்தில் போட்டு, அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். கண்ணாடி போட்டும் படிக்க முடியாததை எச்சரிக்கை என்று எப்படி ஏற்பது?

வழக்குப் போடலாம், ஐயா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கும் இடமுண்டு. ரசீது, பாட்டில், விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: சாயம் பூசிய என் தலைமுடியை அனுப்பினால் 30 நச்சுகளைக் கண்டுபிடிப்பார்களாம். 7,500 ரூபாய். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அதுவும் சாயம் பூசிய முடியை!

கேள்வி: குளியலறைக் குழாயில் மாட்டும் வடிகட்டி உப்புத் தண்ணீரை மென்னீராக்குமா? 1,900 ரூபாய்.

பதில்: ஆக்காது. உள்ளங்கை அளவு டப்பாவுக்கு அந்தச் சக்தி இல்லை. குளோரின் வாடை கொஞ்சம் குறையலாம். என்னுடையது பரணில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி வடிகட்டி இரண்டு, உறைகூடப் பிரிக்காமல் இருக்கின்றன.