மூன்றாவது ஓட்டத்தில் கைவிட்ட கிளட்ச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது ஆறு கியர்கள் கொண்ட மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சாலையில் ஒரு குறையும் வைக்காத வண்டி, கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கான டிராக் பாதையில் முதன்முறையாக ஓட்டியபோது மூன்றாவது ஓட்டத்திலேயே கைவிட்டுவிட்டது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது கிளட்ச் பெடல் கீழேயே தங்கிவிட்டது. கால்நுனியால் நெம்பித் தூக்கிய பிறகும் ஆர்.பி.எம். முள் ஏறியதே தவிர, வண்டி வேகம் எடுக்கவில்லை. கருகிய நாற்றமும் வந்தது. அரை மணி நேரம் ஆறவிட்ட பின், வீடு வரை ஒழுங்காக ஓடியது. ஓட்டத் தெரியாமல் எரித்துவிட்டதாகவும், ரேஸிங் கிளட்ச் போட வேண்டும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். தவறு என்னுடையதா, வண்டியுடையதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. பெடல் மேலே வராதது ஒன்று. கிளட்ச் பிடிக்காமல் வழுக்கியது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் புதிய கிளட்சை மட்டும் மாட்டினால், அதுவும் இதே வழியில் கருகும் என்பதால், முதலில் பெடலைப் பார்த்துவிடுவோம்.

கிளட்ச் பெடலை மேலே தள்ளுவது பெரும்பாலும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங்தான்; அது தன் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கையும், அந்தப் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள ஆயிலையும் பின்னோக்கித் தள்ளுவதால் பெடல் எழுகிறது. எஞ்சின் மிக வேகமாகச் சுற்றும்போது மையவிலக்கு விசையால் அந்த ஸ்பிரிங்கின் விரல்கள் திருப்பித் தள்ளும் வலு குறையக்கூடும். பல கார்களில் மிதிப்பதை எளிதாக்க வைத்திருக்கும் துணை ஸ்பிரிங், பெடல் பாதி தூரம் கடந்ததும் அதைக் கீழ்நோக்கி இழுக்கும் வகையில் அமைந்திருக்கிறது. மேலே தள்ளும் வலு குறைந்த அந்த நொடியில் ஆயிலும் அழுக்கேறிக் கிடந்தால், பெடல் தரையிலேயே தங்கிவிடுகிறது. பெடல் முழுதாக எழாதவரை கிளட்ச் பாதிப் பிடியில்தான் இருக்கும். அந்த நிலையில் நீங்கள் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருந்தால், கருகிய நாற்றத்துக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம்.

ஆகவே முதல் வேலையாகக் கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய ஆயில், கருத்த டிகாக்‌ஷன் போலக் கலங்கியிருந்தால், தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். கிளட்சிலும் ஊற்றப்படும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 தர ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அதற்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். ஸ்லேவ் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள்ளேயே, சூடான கிளட்சை ஒட்டி அமைந்துள்ள கார்களில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

இனி வழுக்கலுக்கு வருவோம். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசையை எளிய பெருக்கலில் அறியலாம். பிரஷர் பிளேட் 8000 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது, உராய்வுக் கெழு 0.3, உராயும் பரப்பின் சராசரி ஆரம் 10 சென்டிமீட்டர், கிளட்ச் பிளேட்டுக்கு இரு முகங்கள் என்று கொண்டால், 480 நியூட்டன் மீட்டர் வரை அது வழுக்காது. எஞ்சின் தருவது 400 என்றால் போதுமான இடைவெளிதான். ஆனால் அளவுக்கு மீறிய வெப்பத்தில் உராய்வுக் கெழு 0.2 ஆக விழுந்தால் தாங்கும் திறன் 320 ஆகிவிடும். எஞ்சின் வென்றுவிடும், முள் ஏறும், வண்டி நகராது. ஆறியதும் கெழு ஓரளவு மீள்கிறது. நீங்கள் வீடு வரை ஒழுங்காக வந்தது இதனால்தான். அதைக் கிளட்ச் நலமாக இருப்பதற்கான அடையாளமாகக் கொள்ள வேண்டாம்.

அந்த வெப்பம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். 1500 கிலோ எடையுள்ள கார் ஒன்றை, எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தி, கிளட்சை வழுக்கவிட்டபடியே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வரை கொண்டுசென்றால், காருக்குக் கிடைக்கும் ஆற்றலுக்கு ஈடான ஆற்றல், ஏறத்தாழ 145 கிலோ ஜூல், கிளட்சில் வெப்பமாக மாறுகிறது. அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அவ்வளவும் இரண்டு மூன்று நொடிகளில், உள்ளங்கை அகலம்கூட இல்லாத வளையப் பரப்பின்மீது இறங்குகிறது.

சாலையில் இது நேராததற்குக் காரணம் டயர்தான். திடீரெனக் கிளப்பினால் டயர் சுழன்று, மிஞ்சிய விசையைத் தானே வாங்கிக்கொள்ளும். டிராக் பாதையின் தொடக்கப் பகுதியிலோ பிசின் கலந்த ஒட்டுப்பூச்சு தெளித்திருப்பார்கள். பர்ன் அவுட் செய்து, அதாவது நின்ற இடத்திலேயே சுழலவிட்டுச் சூடாக்கிய டயர் அதில் அழுந்தப் பிடிக்கும். டயர் வழுக்க மறுத்தால், அடுத்து வழுக்கக்கூடியது கிளட்ச் மட்டுமே. இதை ஓட்டத் தெரியாமை என்று சொல்லிவிடுவது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் உங்கள் பங்கு ஒன்று உண்டு: பாதிப் பெடலில் நீண்ட நேரம் நிறுத்தாமல், மிதமான ஆர்.பி.எம்.மில் விரைந்து முழுதாக விட்டுவிடுங்கள். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே நன்றாக ஆறவிடுங்கள். பச்சை விளக்கைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம், முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் உள்ள ஒளிக்கதிரை விட்டு நகர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது.

உங்களுக்குக் கொடுத்த நேரச் சீட்டுகளை எடுத்து, முதல் 60 அடிக்கான நேரத்தையும் இறுதி வேகத்தையும் மூன்று ஓட்டங்களுக்கும் ஒப்பிடுங்கள். 60 அடி நேரம் மாறாமல் இறுதி வேகம் மட்டும் விழுந்திருந்தால், வழுக்கல் கியர் மாற்றத்துக்குப் பின்னரே வந்திருக்கிறது. பெடலின்மீதான சந்தேகம் அப்போது வலுப்படும். பிறகு வெறிச்சோடிய சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்தாவது கியரில், ஒரே ஒரு முறை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகம் கூடாமல் முள் மட்டும் தாவினால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கியபின் பிளேட்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், எஞ்சினோடு சேர்ந்து சுழன்று கிளட்ச் பிளேட்டைத் தாங்கும் ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் உள்ளனவா, எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட்டை நனைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாற்றுவதென்றால் செராமிக் பிளேட் நல்லதா, இரட்டைப் பிளேட் நல்லதா?

பதில்: பெரும்பாலான நாட்கள் சாலையிலும் சில நாட்கள் பந்தயப் பாதையிலும் ஓடும் வண்டிக்கு, செலவு கூடினாலும், இரட்டைப் பிளேட்டையே நான் பரிந்துரைப்பேன். உராயும் முகங்கள் இரண்டிலிருந்து நான்காவதால், அதே அழுத்தத்தில் தாங்கும் திறன் இரட்டிப்பாகிறது, பெடலும் கனக்காது. செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வண்டி உதறும். எதைப் போட்டாலும், தயாரிப்பாளர் சொல்லும் தூரம் வரை மென்மையாக ஓட்டிப் பழக்கிய பிறகே பந்தயப் பாதைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: கிளட்ச் வெடித்துச் சிதறும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மைதான். நிமிடத்துக்கு 7000 முறை சுற்றும் ஃப்ளைவீல் பிளந்தால், துண்டுகள் பெல் ஹவுசிங்கையும் தரைத் தகட்டையும் கிழித்து வரக்கூடும். அவை பாயும் தளத்தில்தான் ஓட்டுநரின் கால்கள் இருக்கின்றன. 1970ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் பாதையில், டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் ஓட்டிய வண்டியின் கியர் அமைப்பு வெடித்து, அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. அதன் பிறகே அவர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த வண்டியை உருவாக்கி வெற்றி கண்டார். உங்கள் காரில் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் இருந்தால், பந்தயத்துக்கு முன், பந்தயப் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 1.1 சான்று பெற்ற எஃகு ஃப்ளைவீலையும் கிளட்சையும் பொருத்துங்கள். வேகம் கூடக்கூட, சிதறல்களைத் தடுத்து நிறுத்தும் 6.1 சான்றுள்ள பெல் ஹவுசிங்கும் தேவைப்படும். நீலம் பாய்ந்து விரிசல் கண்ட பழைய ஃப்ளைவீலைக் கடைந்து மீண்டும் மாட்டலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.